தனித்து நின்ற ஒரு மார்மன் முன்னோடித் தாயின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளைக் கடந்து யூட்டாவில் குடியேறிய மார்மன் பெண்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர்கள், பெரும்பாலும் அந்தப் புல்வெளியிலிருந்தே தொடங்குகிறார்கள். வானம், காற்று, வரிசையாகச் செல்லும் கூண்டு வண்டிகள், கையில் குழந்தையோடு நடக்கும் தாய் என்று இரண்டு பத்திகள் போவதற்குள் அந்தப் பெண் ஒரு சிலையாகிவிடுகிறாள். பிறகு அவளைப் பற்றிச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. தகப்பன் துணையின்றிப் பிள்ளைகளை வளர்த்த ஒருத்தியை எழுத விரும்புகிறவர் அவளுடைய விசுவாசத்தைத் தேடுவதற்கு முன் அவளுடைய வரவு செலவைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. அவள் எதை விற்றாள், எதைத் தைத்தாள், எத்தனை மாடுகள் வைத்திருந்தாள், யாரிடம் கடன்பட்டாள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, அவளுடைய விசுவாசமும் தானாகவே துலங்கும்.

பின்னணியைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மார்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவினார். ஓஹையோ, மிசௌரி, இல்லினாய் என்று இடம் இடமாகத் துரத்தப்பட்ட அந்தச் சமூகம், 1844 ஜூன் 27 அன்று ஜோசப் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் ஹைரமும் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பலால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த தன் நாவூ நகரை விட்டு 1846-இல் வெளியேறத் தொடங்கியது. ஜோசப்புக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகம் யங் 1847 ஜூலை 24 அன்று யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். 1869-இல் கண்டத்தின் குறுக்கே இருப்புப்பாதை இணைக்கப்படும் வரை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அதே வழியில் சென்றார்கள்.

முதலில், அவள் ஏன் தனியாக இருந்தாள் என்று கேளுங்கள்

‘தனியாக’ என்ற சொல்லை உடனே ‘விதவை’ என்று மாற்றிவிடாதீர்கள். ஹைரம் ஸ்மித்தின் மனைவி மேரி ஃபீல்டிங் ஸ்மித் உண்மையிலேயே கைம்பெண்தான். ஆனால் லூயிசா பார்ன்ஸ் பிராட்டின் கணவர் அடிசன் உயிரோடிருந்தார். சபை அவரை 1843-இல் பசிபிக் தீவுகளுக்கு மதம் பரப்பும் ஊழியத்துக்கு அனுப்பியது. அவர் மனைவி மக்களை மீண்டும் பார்த்தது 1848-இல்தான். 1846-இல் அமெரிக்க ராணுவத்துக்காகத் திரட்டப்பட்ட மார்மன் படைப்பிரிவில் ஏறத்தாழ 500 ஆண்கள் சேர்ந்து புறப்பட்டபோது, அவர்களுடைய மனைவியரில் பலர் பாதி வழியில், ஆற்றங்கரை முகாம்களில் விடப்பட்டார்கள். பலதார மணம் புரிந்த குடும்பங்களில் கணவர் வேறொரு வீட்டில், சில வேளைகளில் வேறொரு ஊரிலேயே இருந்தார். மனைவி தன் அடுப்பையும் தன் பிள்ளைகளையும் தானே பார்த்துக்கொண்டாள். மேரியேகூட, ஹைரம் இறந்த அதே ஆண்டு செப்டம்பரில் சபைத் தலைவர்களில் ஒருவரான ஹீபர் கிம்பலுக்கு மனைவியாகச் சபை முறைப்படி இணைக்கப்பட்டார். ஆனாலும் குடும்பத்தைத் தன் பொறுப்பிலேயே நடத்தினார். ஆவணத்தில் கணவர் பெயர் இருப்பதும் வீட்டில் கணவர் இருப்பதும் ஒன்றல்ல. நீங்கள் எழுதப்போகும் பெண் இவற்றில் எந்த வகைத் தனிமையில் இருந்தாள் என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவளுக்கு யார் உதவக் கடமைப்பட்டிருந்தார்கள், யார் உதவாமல் விட்டார்கள் என்ற கணக்கு முழுவதும் அதைப் பொறுத்தே மாறும்.

பிள்ளைகளின் வயதை வைத்துக் காலக்கோடு போடுங்கள்

சபை வரலாற்றின் ஆண்டுகளை இடப்பக்கம் எழுதிவிட்டு, அந்தந்த ஆண்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வயது என்பதை வலப்பக்கம் எழுதுங்கள். இது சிறு வேலைதான், ஆனால் இதைப் போல் பயன் தருவது வேறொன்றுமில்லை. லூயிசாவையே எடுத்துக்கொள்வோம். 1802-இல் மாசசூசெட்ஸில் பிறந்த அவருக்கு, கணவர் கப்பலேறிய 1843-இல் வயது 40. நான்கு பெண் குழந்தைகளில் மூத்தவள் எல்லனுக்கு 11, கடைக்குட்டி ஆன் லூயிசுக்கு 3. கணவர் திரும்பியபோது கடைக்குட்டிக்கு 8 வயது. அதாவது, தகப்பனின் முகம் அவளுக்கு நினைவிருந்திருக்க வாய்ப்பே இல்லை. மூத்தவளுக்கோ 16, இந்த ஐந்து ஆண்டுகளில் அவள் மகள் என்ற நிலையிலிருந்து தாய்க்குத் துணையான இன்னொரு பெரிய மனுஷி என்ற நிலைக்கு வந்துவிட்டாள். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இனி அந்தக் காலக்கோட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் வருமானம் என்ன என்று எழுதுங்கள். லூயிசா நாவூவில் துணி தைத்தார், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1846-இல் எல்லோரும் ஊரை விட்டுப் புறப்பட்டபோது, தன் கணவரைப் பூமியின் மறுகோடிக்கு அனுப்பியவர்கள், இந்தப் பயணத்துக்குத் தன்னால் முடியுமா என்றுகூட வந்து விசாரிக்கவில்லையே என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். துணையின்றித் தானே போகவும், போகும் வழியில் பிறருக்கு உதவவும் கெட்டிக்காரத்தனம் உள்ளவர் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று பதில் வந்தது. தன்னால் என்ன முடியும் என்று காட்டிவிடுவதாக அவர் சொன்னார். அவருடைய தன்வரலாற்றிலுள்ள இந்த உரையாடலைப் பெருமிதமாக மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கோபமும் கேட்கிறது. இரண்டையும் வைத்தே எழுத வேண்டும்.

அதே ஆண்டு மிசௌரி ஆற்றங்கரையில், இன்றைய ஒமாஹா நகரை ஒட்டியிருந்த குளிர்கால முகாமில், அவர் ஐந்து டாலர் தங்க நாணயம் ஒன்றைக் கொடுத்து ஒருவரை அமர்த்தி, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிச் சுவரெழுப்பி, வில்லோ மரக் கிளைகளையும் அதே மண்கட்டிகளையும் போட்டுக் கூரை மூடிய ஒரு குடிலைக் கட்டிக்கொண்டார். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, புகைபோக்கியும் மண்கட்டிதான். தாயும் நான்கு பெண்களும் அதற்குள். நீடித்த குளிர்மழை பெய்தது. குளிர்க்காய்ச்சலோடு, காய்கறி இல்லாத உணவால் வரும் ஸ்கர்வி நோயும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. இந்த இடத்தில் எழுதுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு தாளில் பத்துக்குப் பன்னிரண்டு அளவில் கட்டம் போட்டு, ஐந்து பேர் எங்கே படுத்திருப்பார்கள், அடுப்பு எங்கே இருந்திருக்கும், மழை எந்தப் பக்கம் ஒழுகினால் யார் நனைவார்கள் என்று குறித்துப் பார்ப்பது. அதன் பிறகு ‘வறுமையில் வாடினார்’ என்ற தொடரை எழுதக் கை வராது.

வண்டியை நீங்களே ஏற்றிப் பாருங்கள்

1845-இல், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் மேற்கே செல்ல என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் நாவூவில் அச்சிடப்பட்டது. உறுதியான வண்டி ஒன்று, மூன்று நுகம் காளைகள், அதாவது ஆறு மாடுகள், பால்மாடு இரண்டு, கூடாரம், துப்பாக்கி, 1,000 பவுண்டு மாவு, சர்க்கரை என்று நீளும் அந்தப் பட்டியலில் இலவங்கப்பட்டையும் கிராம்பும் ஒரு டஜன் ஜாதிக்காயும்கூட உண்டு என்பது நம் அடுக்களைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆயிரம் பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிலோ. கணவர் இல்லாத வீட்டில் இதை யார் அரைக்கக் கொடுத்தார்கள், யார் மூட்டை தூக்கினார்கள், சேற்றில் சக்கரம் இறங்கினால் எதை முதலில் இறக்கி வைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தேடும்போது, பிள்ளைகள் கதைக்குள் தாமாக வந்துவிடுவார்கள். மேரியின் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் 1838 நவம்பரில் பிறந்தவன். 1848 கோடையில் அவன் மாடு ஓட்டியபோது அவனுக்கு இன்னும் பத்து வயது நிறையவில்லை. மேரியிடம் வண்டிகள் இருந்தும் அவற்றுக்குப் போதிய காளைகள் இல்லை. அதனால் பசுக்களையும், நுகத்துக்குப் பழகாத இளங்காளைகளையும் பூட்டிப் புறப்பட்டார்கள் என்று அந்த மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழகாத மாட்டை நுகத்தில் பூட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த முதல் நாள் எப்படிப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

தூரத்தையும் கணக்கிடுங்கள். வில்லியம் கிளேட்டன் 1848-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில், குளிர்கால முகாமிலிருந்து சால்ட் லேக் நகரம் 1,031 மைல் என்று அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. காளை வண்டி நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மைல் நகரும். ஓய்வு நாள், மாடு காணாமற்போன நாள், அச்சு முறிந்த நாள் எல்லாம் சேர்ந்தால் மூன்றிலிருந்து நான்கு மாதம். அந்த வண்டிகளில் பயணிகள் உட்கார இடமில்லை. சாமான்தான் சென்றது, மனிதர்கள் நடந்தார்கள். பிளாட் ஆற்றங்கரையில் மரமே இல்லாத பகுதிகளில் காய்ந்த எருமைச் சாணத்தைப் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். பொறுக்குவது பிள்ளைகளின் வேலை. வறட்டி அடுப்பின் புகையை அறிந்த வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். அங்கே யாரும் தட்டிக் காயவைக்கவில்லை, காட்டெருமை விட்டுச்சென்றது வெயிலில் தானே காய்ந்து கிடந்தது என்ற வேறுபாட்டை மட்டும் குறிப்பிடுங்கள்.

விதியையும் நடப்பையும் பக்கத்தில் வையுங்கள்

1847 ஜனவரி 14 அன்று பிரிகம் யங் வெளியிட்ட அறிவிப்பு மார்மன்களின் வேத நூல்களில் ஒன்றில் இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பயணக் குழுவும் தன் சொத்துக்கு ஏற்ப, ஏழைகளையும் விதவைகளையும் தகப்பனற்ற பிள்ளைகளையும் படைக்குச் சென்றவர்களின் குடும்பங்களையும் தன்னோடு அழைத்துச் செல்லும் பொறுப்பைச் சமமாகச் சுமக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இது விதி. நடப்பு என்னவென்றால், 1848-இல் மேரியின் குழுவுக்குத் தலைவராக இருந்த கொர்னீலியஸ் லாட், இந்தப் பெண் வந்தால் எல்லோருக்கும் பாரமாவார், திரும்பிப் போவதே நல்லது என்று சொன்னதாகவும், உம்முடைய உதவி எதையும் கேட்காமல் உமக்கு முன்னால் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேருவேன் என்று மேரி பதில் சொன்னதாகவும், செப்டம்பர் 23 அன்று அப்படியே சென்று சேர்ந்ததாகவும் கதை. வழியில் ஒரு காளை சுருண்டு விழுந்தபோது, நோயாளிகளுக்குச் செய்வதுபோல் அதற்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் செய்தார், அது எழுந்து நடந்தது என்பதும் அதே கதையின் பகுதி.

இங்கேதான் எழுதுபவருக்கு நிதானம் வேண்டும். இந்த நிகழ்ச்சிகள் நமக்குக் கிடைப்பது, அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்து, 1901 முதல் 1918 வரை அந்தச் சபையின் தலைவராக உயர்ந்த மகனின் நினைவுகளிலிருந்து. தாயை 13 வயதில் இழந்த பிள்ளை, அவளைப் பற்றிப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதை அது. லாட் தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பு அந்தக் கதைக்குள் இல்லை. ஆகவே ‘மேரி காளையை எழுப்பினார்’ என்றும் எழுதாதீர்கள், ‘இது கட்டுக்கதை’ என்றும் எழுதாதீர்கள். ‘மகன் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி’ என்ற மூன்று சொற்களைச் சேர்த்துக்கொண்டு, கதையை அதன் முழு வீச்சோடு சொல்லுங்கள். அற்புதம் நடந்ததா என்பதைவிட, ஒரு காளை செத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்பதே உங்கள் வாசகருக்குப் பயன்படும். ஆறு மாட்டில் ஒன்று போனால் நுகத்தின் மறுபக்கத்துக் காளையும் பாதிப் பயனற்றதாகிறது. அந்த எண்ணெய்க் குப்பியை எடுத்த கையின் அவசரம் இந்தக் கணக்கிலிருந்து புரியும்.

வந்து சேர்ந்ததோடு நிறுத்திவிடாதீர்கள்

பெரும்பாலான எழுத்தாளர்கள் பள்ளத்தாக்கு கண்ணில் பட்டதும் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். நூறு நாள் பயணத்துக்கு இருபது பக்கம், அதன் பின் வந்த ஆண்டுகளுக்கு ஒரு பத்தி. பிள்ளை வளர்ப்பு உண்மையில் அந்த ஒரு பத்திக்குள்தான் கிடக்கிறது. மேரி நகருக்குத் தெற்கே மில் கிரீக் பகுதியில் நிலம் பிடித்து, தான் பெற்ற இருவரோடு ஹைரமின் மூத்த தாரத்துப் பிள்ளைகளையும், தன்னை அண்டியிருந்த முதியோரையும் வைத்துப் பராமரித்து, பச்சை மண்செங்கல்லால் ஒரு சிறு வீடும் கட்டினார். முதல் குளிர்காலங்களில் உணவு பற்றாமல், குடியேறிகள் முட்செடிகளையும் செகோ லில்லி என்ற காட்டுப் பூவின் கிழங்கையும் தோண்டித் தின்ற இடம் அது. அங்கும் மேரி விளைந்த உருளைக்கிழங்கில் நல்லதாகப் பார்த்துப் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். சபைக் கிடங்கின் எழுத்தர் ஒருவர், விதவையான நீங்கள் கொடுக்கவேண்டியதில்லையே என்று பரிவோடு சொன்னதற்கு, எனக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தை மறுக்கப் பார்க்கிறீரா, வெட்கப்பட வேண்டும் என்று கடிந்துகொண்டாராம். இதையும் அந்த மகன்தான், 1900-இல் சபை மாநாட்டில் சொன்னார். பக்திக் கதையாகவே எல்லோரும் எடுத்தாளும் இதில், பாரம் என்று ஒருமுறை சொல்லப்பட்ட பெண், தான் யாருடைய தயவிலும் இல்லை என்று ஊரறியக் காட்டிக்கொள்ளும் தன்மானமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது என் வாசிப்பு, ஆதாரம் அல்ல என்று பிரித்துக் காட்டுவதும் எழுதுபவரின் கடமை. மேரி 1852 செப்டம்பர் 21 அன்று, 51 வயதில் இறந்தார். மகள் மார்த்தா ஆனுக்கு அப்போது 11 வயது. பதினைந்து வயதிலேயே ஜோசப்பை ஹவாய்க்கு ஊழியத்துக்கு அனுப்பினார்கள்.

ஆவணங்களைத் தேடும்போது

சால்ட் லேக் நகரிலுள்ள சபை வரலாற்று நூலகம், 1847 முதல் 1868 வரை பயணம் செய்தவர்களின் பெயர்களைக் குழுவாரியாகத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. தேடலை அங்கே தொடங்குவது எளிது. பெண்களைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயர், முதல் கணவர் பெயர், இரண்டாம் கணவர் பெயர் ஆகிய மூன்றிலும் தேட வேண்டும். 1850-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு யூட்டாவில் உண்மையில் 1851-இல்தான் எடுக்கப்பட்டது என்பதை மறந்தால், பிள்ளைகளின் வயது ஓராண்டு பிசகும். கூட்டாட்சி அரசின் நில அலுவலகம் சால்ட் லேக் நகரில் 1869-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவள் உழுத நிலத்துக்கு அரசுப் பட்டா தேடி அலைய வேண்டாம். ‘ஆளில்லாத நிலம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குளிர்கால முகாம் ஒமாஹா மக்களின் மண்ணில் இருந்தது. சால்ட் லேக் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய நிலமும் ஷோஷோனி, யூட் மக்கள் வாழ்ந்து திரிந்த இடம்.

எழுதப் படிக்க வாய்ப்புப் பெற்றவர்களின் குரலே பெரிதும் எஞ்சியிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1847-இல் வந்து சேர்ந்த கறுப்பினப் பெண்ணான ஜேன் மானிங் ஜேம்ஸ் தன் வாழ்க்கையைத் தானே எழுதவில்லை, பிறர் எழுதிக்கொள்ளச் சொன்னார். கோவில் சடங்குகளுக்கு அனுமதி கேட்டுப் பலமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் அவர். அத்தகைய பதிவில், சொன்னவருக்கும் எழுதியவருக்கும் இடையில் எது உதிர்ந்தது என்று கவனித்து வாசிக்க வேண்டும்.

மௌனம் இருக்கும் இடத்தை நிரப்பிவிடாதீர்கள்

லண்டனைச் சேர்ந்த விதவை ஜீன் ரியோ பேக்கர், 1851 தொடக்கத்தில் தம் ஏழு பிள்ளைகளோடும் ஒரு பியானோவோடும் லிவர்பூலில் கப்பலேறினார். நான்கு வயது மகன் ஜோசையா நடுக்கடலில் இறந்தான். கப்பலிலும் புல்வெளியிலும் அவர் எழுதிய நாட்குறிப்பு துல்லியமானது. யூட்டாவை அடைந்து ஆக்டனில் குடியேறிய பின் அந்தக் குறிப்பு நின்றுபோகிறது. 1869-இல் மட்டும் சில பக்கங்கள் சேர்க்கிறார்: இருபது ஏக்கர் பண்ணை வெறும் களர் நிலமாகப் போய்விட்டது, எந்த விசுவாசத்துக்காகக் கடல் கடந்தாரோ அதைப் பற்றிய கசப்பும் அதில் தெரிகிறது. பிறகு கலிபோர்னியாவுக்குச் சென்றுவிட்டார். நடுவிலுள்ள பதினெட்டு ஆண்டுகளைக் கற்பனையால் இட்டு நிரப்ப யாருக்கும் ஆசை வரும். நிரப்பாதீர்கள். இத்தனை ஆண்டுகள் எழுதவில்லை என்று அப்படியே எழுதுங்கள். ஒரு களர் நிலத்தோடும் வளர்ந்துவரும் பிள்ளைகளோடும் போராடுகிறவளுக்குப் பேனா எடுக்க எங்கே நேரம் என்று வாசகரே கேட்டுக்கொள்ளட்டும்.

லூயிசாவின் காலக்கோட்டையும் 1848-இல், கணவர் திரும்பிய நாளில் மடித்து வைத்துவிடத் தோன்றும். கதைக்கு அழகான முடிவு அது. ஆனால் அடிசன் அடுத்த ஆண்டே மறுபடி தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். 1850-இல் லூயிசாவும் பெண்களும் அவரைத் தேடிக் கடல் கடந்து துபுவாய் தீவுக்குப் போய், 1852 வரை அங்கே இருந்தார்கள். பின்னர் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் சில ஆண்டுகள். 1857-இல் சபை மக்கள் யூட்டாவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது லூயிசா திரும்பினார், அடிசன் கலிபோர்னியாவிலேயே தங்கிவிட்டார். தெற்கு யூட்டாவின் பீவர் ஊரில், 1880-இல் இறக்கும் வரை, லூயிசா தன் வீட்டைத் தானே நடத்தினார். வலப்பக்கக் கட்டங்களில் பிள்ளைகளின் வயதுக்குப் பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் வயதையும் எழுத இடம் விட்டு, அந்தக் கோட்டை அதுவரைக்கும் நீட்டுங்கள்.